பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்!

கே: செத்துப்போன மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து ஸ்பாட் வெல்டிங் மெஷின் செய்யலாம் என்று என் மச்சான் சாதிக்கிறான். நிஜமா, புருடாவா?

ப: நிஜம்தான். அடுப்புக்குள் கனமாக உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வீட்டு 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றிவிடும். அதைச் செய்கிற செகண்டரி காயிலை அறுத்து எறிந்துவிட்டு, அந்த இடைவெளியில் தடித்த செம்புக் கேபிளை இரண்டே சுற்று சுற்றினால் கதை தலைகீழ். வோல்ட் இரண்டு சொச்சம்தான், ஆம்பியரோ நூற்றுக்கணக்கில்! இரண்டு தகடுகளைச் செம்பு முனைகளால் அழுத்திப் பிடித்துக் கண நேரம் கரண்ட் விட்டால், தகடும் தகடும் தொடுகிற இடத்தில் மின்தடை அதிகம் என்பதால் அங்கே மட்டும் பழுத்து உருகி ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் எலிஹு தாம்சன் 1886-லேயே, மின்தடைச் சூட்டில் உலோகத்தை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். மச்சான் கொஞ்சம் லேட்.

மெல்லிய இரும்புத் தகட்டுக்கு இது போதும். அலுமினியக் குண்டானை ஒட்டுகிறேன் என்று கிளம்ப வேண்டாம்; சூட்டை அது சுலபமாகக் கடத்திவிடும், இந்த மெஷினுக்குக் கட்டுப்படாது.

ஒன்று முக்கியம். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே சாதுவாக இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும். மச்சானிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். "பார்த்துக்கலாம் விடு" என்றால், அடுப்பை ஒளித்து வைத்துவிட்டு நல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.