ஜவ்வாது மலை கமாண்டர்

ஊருக்கு ஒரு கைராசி டாக்டர், ஒரு வாஸ்து நிபுணர், டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இந்திய அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் என்பது பழைய கணக்கு. இப்போது விண்வெளிக் கமாண்டர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ராக்கெட் கட்டி, ஆள் ஏற்றி, நிலாவுக்கு அனுப்பி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது இவர் வேலை. சம்பளம் கிடையாது. எல்லா ஊரிலும் இருக்கிறார் என்றாலும் ஜவ்வாது மலையில் இருப்பவருக்கு மிடுக்கு ஒரு பிடி அதிகம்.

பகலில் இவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதலாம். சாமையும் தேனும் வாங்கி வேலூருக்கு ஏற்றிவிடலாம். பள்ளிக்கூடத்தில் அறிவியல்கூட எடுக்கலாம். அதெல்லாம் முக்கியமில்லை, அவரே முக்கியமாக நினைப்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் லேப்டாப்பைத் திறப்பார். அது சூடாகும் என்பதால் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்திருக்கும்; வீட்டின் ஒரே டேபிள் ஃபேன் அதன் வயிற்றைப் பார்த்துச் சுற்றும். வீட்டு மனிதர்கள் தினசரி காலண்டர் அட்டையால் விசிறிக்கொள்வார்கள்.

விளையாட்டின் பெயர் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். 2011-ல் முதன்முதலாக வெளியானது. விளையாட்டு என்று நான் சொன்னது அவர் காதுக்குப் போகக் கூடாது. “சிமுலேட்டர்” என்று திருத்துவார். ஜெபடாயா, பில், பாப் என்று பச்சை நிறக் குட்டி வீரர்கள். அவர்களுடைய பூமி கெர்பின், நிலா மன். உருவம்தான் பொம்மை, சுற்றுப்பாதைக் கணக்கெல்லாம் ஏறக்குறைய நிஜம்.

இந்தக் கமாண்டரை மற்ற அலட்டல் ஆசாமிகளிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. நிலாவில் இறங்கியதைப் பற்றிப் பெருமை பேசவே மாட்டார். “போறது யார் வேணா போவாங்க சார். கூட்டிக்கினு வரணும், அதுல இருக்குது வேலை.”

எப்படிக் கூட்டிவருவது என்று ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அவர் பாடம் நடத்தியதைப் பார்த்தேன். மசால்வடைத் தட்டு பூமி. டீ கிளாஸ் நிலா. ஒரு வேர்க்கடலை விண்கலம். “புதுசா வர்றவன் இன்னா பண்ணுவான்? பூமி தெரியுற பக்கம் மூக்கைத் திருப்பி என்ஜினைப் போடுவான். தப்பு. நிலா சும்மா நிக்கல சார், விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்துல பூமியைச் சுத்துது. அது மேல இருக்கிற நமக்கும் அந்த வேகம் இருக்குது. அதைக் கழிக்கணும். நிலா போற திசைக்கு நேர் எதிர்ப்பக்கமா வெளிய வந்தா, பூமி தானா இழுத்துக்கும்.” வேர்க்கடலை கிளாஸைச் சுற்றிப் பின்பக்கமாக வெளியேறித் தட்டை நோக்கி வளைந்தது. கடைசி கட்டத்தை அவர் விளக்கும் முன்பே மாஸ்டர் வந்து நிலாவைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கடைசி கட்டம்தான் ஆளைக் கொல்லும். நிஜ நிலாவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் விநாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்தன. செங்குத்தாகப் பாய்ந்தால் கருகும். சாய்வு போதாவிட்டால் காற்றை உரசிவிட்டு மறுபடி வெளியே போய்விடும். கெர்பின் சின்ன உலகம் என்பதால் அங்கே 3 கிலோமீட்டர் வேகம்தான். காற்று 70 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும். பாதையின் அடிப்புள்ளி 30 கிலோமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். இதெல்லாம் கமாண்டருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பாராசூட் வைக்க மறந்துவிடுவார். வைத்த நாளில் பொத்தான் வரிசை மாறி, ராக்கெட் கிளம்பும்போதே உச்சியில் பாராசூட் விரிந்து நிற்கும்.

ஒருநாள் எல்லாம் சரியாக வந்து, கூண்டு தீப்பிழம்பாய் இறங்கும்போது கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுபடி கரண்ட் வந்தபோது வீரர்கள் பழைய சேமிப்பில், நிலாப் பக்கத்தில் சௌக்கியமாக இருந்தார்கள். அன்றைக்கும் பாராசூட் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மின்வெட்டால் மூன்று உயிர் பிழைத்தது தமிழ்நாட்டில் அது ஒரு முறைதான் இருக்கும்.

எரிபொருள் தீர்ந்துபோனாலும் கமாண்டர் அசரமாட்டார். அவரிடம் இருப்பது பழைய பதிப்பு. அதில் வீரர் வெளியே வந்து, முதுகுப் பையின் சின்ன ராக்கெட்டால் கலத்தை நெட்டித் தள்ளலாம். பை காலியானால் உள்ளே போய் வந்தால் போதும், நிரம்பிவிடும். உலகமெங்கும் கெர்பல் ஆடுபவர்களுக்குத் தெரிந்த வித்தை இது. மலைப்பாதையில் நின்றுபோன பஸ்ஸை இறங்கித் தள்ளிய பரம்பரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அவர் வீட்டிலிருந்து “தள்ளு, தள்ளு, இன்னும் கொஞ்சம்” என்று குரல் வந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் சாலையில்தான் காவலூர். வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968-ல் வேலை தொடங்கிய வானாய்வகம். 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தடம் காட்டியபோது பார்த்த இடங்களில் இதுவும் ஒன்று. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, பாப்புவின் பெயரிலேயே. கமாண்டருக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் மரியாதை உண்டு, ஒரு மனத்தாங்கலும் உண்டு. மங்கலான விண்மீன்களைத் தேடுகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் இடைஞ்சல். பௌர்ணமி வந்தால் அவர்களுக்குச் சில வேலைகள் நின்றுபோகும். “நிலாவைப் பார்த்தா முகத்தைச் சுளிக்கிறாங்க சார். நம்ம ஆளுங்க மூணு பேர் அங்க இருக்காங்க.”

சனிக்கிழமை பொதுமக்களை அனுமதிப்பார்கள். கமாண்டர் வரிசையில் நிற்பார். சின்னத் தொலைநோக்கியில் நிலாவைப் பார்க்கும் பள்ளிப் பையனிடம், “அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்துல பாரு தம்பி, நம்ம வண்டி” என்பார்.

“தெரியல அங்கிள்.”

“தெரியாது. பேட்டரி மிச்சமாகட்டும்னு லைட்டை அணைக்கச் சொல்லியிருக்கேன்.”

பண்டிகைகளும் அவருக்கு வேறு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியபோது ஊரே கைதட்டியது. இவரும் தட்டினார், கல்யாண வீட்டில் தூரத்து உறவினர் மாதிரி. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பக்கத்து மாவட்டம் என்பதால் கொஞ்சம் பலமாகவே தட்டினார். ஆனால் அவர் லட்டு வாங்கியது அதே ஆண்டு டிசம்பர் 4-ல். நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்த உந்துகலத்தை மீண்டும் பூமியின் சுற்றுப்பாதைக்கே கொண்டுவந்துவிட்டோம் என்று இஸ்ரோ அன்றைக்கு அறிவித்தது. 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சமிருந்ததாம். “மிச்சம் சார், மிச்சம்!” என்று சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எரிபொருள் மிஞ்சிய அனுபவம் அவர் வாழ்க்கையில் கிடையாது.

அப்பல்லோ-13ஐப் பற்றிக் கேட்டால் நேரம் காலம் தெரியாது. ஆக்சிஜன் தொட்டி வெடித்தது இந்திய நேரப்படி 1970 ஏப்ரல் 14 காலை. சித்திரை ஒன்று, சாதாரண வருஷம் பிறந்த காலை. “வருஷப் பேரே சாதாரண. நடந்ததைப் பாருங்க” என்பார். மூன்று பேரும் நிலாவின் பின்பக்கமாக வளைந்து திரும்பி, இறங்குகலத்தின் என்ஜினை வைத்துப் பாதையைத் திருத்தி, ஏப்ரல் 17-ல் பசிபிக்கில் விழுந்தார்கள். அவர்கள் கலத்தில் பாராசூட் இருந்தது என்று வீட்டம்மா உள்ளிருந்தே ஞாபகப்படுத்துவார்.

வீட்டம்மாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஜெபடாயா நிலாவில் மாட்டிக்கொண்டதும் கமாண்டர் மீட்புக்கலம் அனுப்பினார். அது சாய்ந்து விழுந்தது. அதை மீட்க இன்னொன்று அனுப்பினார். அதற்குத் திரும்பி வர எரிபொருள் இல்லை. அப்படித்தான் அங்கே மூன்று பேர் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் அம்மா கேட்டது தெரு முழுக்கக் கேட்டது: “நிலாவுல இருக்கிற பொம்மைக்கு ரெண்டு வண்டி அனுப்புறீங்க. ஆலங்காயத்துல பஸ்ஸுக்கு நிக்கிற எங்கப்பாவுக்கு ஒரு பைக் அனுப்ப முடியல.” மாமனார் கடைசியில் காய்கறி ஏற்றிவந்த வேனில், எந்தச் சிமுலேட்டரின் உதவியும் இல்லாமல், பத்திரமாக வந்து சேர்ந்தார்.

இதை எழுதும்வரை அந்த மூவரும் திரும்பவில்லை. அந்த விளையாட்டில் சோறு தண்ணீர் தேவையில்லை என்பதால் உயிருக்குப் பயமில்லை. மீட்புக்கலம் பெரிதாகிவிட்டது, லேப்டாப்தான் இழுக்க மறுக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் கொஞ்சம் தெம்பான பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடந்தால் மலைக்கு அனுப்பிவையுங்கள். கூடவே ஒரு டேபிள் ஃபேனும்.