அன்னைக்கே சொன்ன ஆள்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி, எதிரே பிளேன்டீ. கருப்பட்டியைக் கடித்து, டீயை உறிஞ்சி, தொண்டைக்குள் இறங்கும்வரை கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார்: "நான் அன்னைக்கே சொன்னேன்." வளைவில் மண் சரிந்தாலும் அதே தீர்ப்பு, லயன் கூரைத் தகரம் காற்றில் பறந்தாலும் அதே தீர்ப்பு. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமானதையும் 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதையும்கூட அவர் அன்னைக்கே சொல்லிவிட்டார். அந்த 'அன்னைக்கு' எந்தக் கிழமை, யார் காதில் விழுந்தது என்று கேட்டால், "எல்லாருக்குந்தான் சொன்னேன்" என்பார். சுற்றுலாக்காரர் குவிந்தால் ஊர் நாறும் என்று அன்னைக்கே சொன்னவரும் அவர்தான்; வராமற்போனால் கடைகள் மூடும் என்று அன்னைக்கே சொன்னவரும் அவர்தான். இப்படி இரண்டு பக்கமும் சீட்டு வாங்கி வைத்திருப்பவருக்கு லொத்தர் விழாமல் என்ன செய்யும்?

ஆனால் அவரை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிட முடியாது. கேலி செய்பவருக்கு அதுதான் சங்கடம். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். எந்த மண்மேட்டில் நீர் கசிகிறது, எந்த மதகு சருகடைத்துக் கிடக்கிறது, பிட்டவல பத்தனைப் புல்வெளியில் சோற்றுப் பார்சல் தாள்கள் எந்தப் பக்கம் போய் ஒதுங்குகின்றன என்பதெல்லாம் எந்தப் பொறியியலாளரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குக் குறை அறிவில் இல்லை, நாட்காட்டியில்தான். கசிவைப் பார்த்த அன்று வாய் திறக்க மாட்டார், சரிந்த மறுநாள் மூட மாட்டார். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வரவுப் பட்டியலில் கையெழுத்து வைத்து, கொடுத்த பணிஸைத் தின்றுவிட்டு எழுந்து வருவார். பேச்சு முழுவதும் வாசலைத் தாண்டிய பிறகுதான்.

"சொன்னா மட்டும் யாரு கேக்குறா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்வி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர் குடும்பத்துக்கு அது கதையல்ல, கடதாசி. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவோ, சபைப் பணம் தோட்டத்துக்குள் வராமல் முப்பது வருடம் மறித்து நின்றது. அவர்கள் வாக்கில் அமைந்த சபைக்கு அவர்கள் லயன் பாதை அந்நியம். அந்தக் காலத்தில் அவர் தேநீர்க் கடையில் பேசியதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டப்படி குடிமக்கள் யாரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அதற்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்து முடிந்தது. கதவைத் திறந்த பிறகும் வெளியே நின்று பூட்டைத் திட்டினால் எப்படி?

தமிழில் எழுதினால் சிங்களத்தில் பதில் வருகிறது என்பது அவருடைய அடுத்த வாதம். அதுவும் பொய்யில்லை, தமிழ் 1987 முதல் அரசகரும மொழி என்பது பல மேசைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இங்கேதான் கோபம் அவரைவிட்டு மேசைப் பக்கம் திரும்புகிறது. எழுத்தில் வராத முறைப்பாடு அலுவலகத்துக்கு முறைப்பாடே அல்ல. கடையில் கொட்டித் தீர்த்துவிட்டு வீடு போகும் மனிதரைப் போல அதிகாரிக்கு வசதியானவர் வேறு யார்? அவர் பேசப் பேச அங்கே கோப்பு மெலிகிறது. அவரை உண்மையில் அன்போடு வளர்ப்பவர்கள் அந்த மேசைக்காரர்கள்தான். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க ஒரே வழி, மண் கசியும்போதே திகதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது. பிறகு சரிந்தால் தாராளமாகச் சொல்லட்டும், அன்னைக்கே சொன்னேன் என்று. எந்த அன்னைக்கு என்று ஒருவரும் கேட்க முடியாது.