குட்டி யானையும் உள்ளம் மீனும்

சால்ட் லேக், கொல்கத்தா
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

போன தடவை போனில், "வெளிநாடு எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நீங்களே சிரித்தீர்கள். சிரிக்காதீர்கள் மாமா. பாஷை புரியாது, சமையல் கடுகெண்ணெயில், சாம்பாரில் சர்க்கரை. வெளிநாடு என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? பாஸ்போர்ட் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

இது கார் சமாச்சாரம். அதனால்தான் அம்மாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

செக்டர் ஃபைவில் என்னோடு வேலை பார்க்கிற தோழியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவளுக்கு லைசென்ஸ் இருக்கிறது. கியர் வண்டி ஓட்டத்தான் தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் இரண்டு பக்கமும் பெடல் வைத்த கார். கிளட்சை வாத்தியாரே மிதித்து வாத்தியாரே விட்டிருக்கிறார். இவள் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் ஓட்டினதெல்லாம் அண்ணனுடைய ஆட்டோமேட்டிக்.

ஆனால் அவள் கண் தன் அப்பாவின் அம்பாசடர் மேல். வெள்ளை நிறம், உங்கள் வண்டி மாதிரியே ஸ்டேரிங் கியர். மாமா, நீங்கள் முப்பது வருஷம் கட்டி மேய்த்த அந்த வண்டி பிறந்த உத்தரபாரா இங்கேதான், ஹூக்ளி ஆற்றுக்கு அந்தக் கரையில். 1950-களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு அச்சில் வார்க்க ஆரம்பித்தவர்கள், 2014 மே மாதம் கதவைச் சாத்தினார்கள். அதே 2014-இல்தான் கியரைத் தானே மாற்றிக்கொள்கிற ஏஎம்டி-யோடு மாருதி செலேரியோ வந்தது. மருமகள் வலதுகாலை எடுத்து வைக்கும்போது மாமியார் கண்ணை மூடின மாதிரி.

அவள் அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "கிளட்ச் படித்துவிட்டு வா, சாவி தருகிறேன்." எந்த வண்டியில் படிப்பது? அது அவர் கவலை இல்லையாம். உடனே நான் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, ஆயிரப்பேரி ரோட்டில் என் மாமாவிடம் படித்தவள் நான், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். இதைச் சொல்ல இரண்டு விநாடி ஆனது. வண்டி கிடைக்க ஆறு வாரம் ஆனது.

ஆபீஸில் பாதிப் பேர் வைத்திருப்பது ஆட்டோமேட்டிக். கியர் வண்டிக்காரர் ஒருவரைப் பிடித்தோம். வாங்கி ஒரு வருஷம் ஆகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத மனிதர். அவரிடம் கேட்டதே பாவம். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுகிற காருக்குப் போன் போட்டால், படிக்க என்று சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். ஒரு மஞ்சள் டாக்ஸித் தாத்தாவிடம் ஹிந்தியில் கெஞ்சிப் பார்த்தேன். கொல்கத்தாவில் டாக்ஸிக்குப் பதினைந்து வருஷம்தான் ஆயுள், கோர்ட் உத்தரவு. "இவளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. கடைசிக் காலத்தில் இவளைப் போய் அடிக்கச் சொல்கிறாயா?" என்று பானட்டைத் தடவினார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஓட்டிப் பழக, யாரும் ஆசை வைக்காத வண்டி வேண்டும் மாமா. இந்த ஊரில் அது கிடைக்காது. இங்கே டிராம் மேல் ஆசை, ஓட்டை டைப்ரைட்டர் மேல் ஆசை, ஓடாத காரின் மேல் இன்னும் ஆசை.

கடைசியில் வழிவிட்டவர் பி.டி. மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். அவரிடம் இருப்பது டாடா ஏஸ். நம் ஊரில் குட்டி யானை. இங்கேயும் சோட்டா ஹாத்தி, அதே குட்டி யானைதான். "புதுசாக நசுக்க அதில் எங்கே இடம் இருக்கிறது? டீசல் போட்டுக் கொடுங்கள், போதும்" என்றார். இரண்டு சிலிண்டர், நாலு கியர், கேபினில் இரண்டே பேர். வாத்தியாருக்கும் மாணவிக்கும் அளவெடுத்துச் செய்தது போல. பின்னால் உருகின ஐஸும், காலையில் இறங்கின இலிஷ் மீனின் மணமும். இலிஷ் வேறெதுவும் இல்லை, நம் உள்ளம் மீன்தான். சைவக் குடும்பத்துப் பெண் மீன் வண்டியில் உட்கார்ந்தாள் என்பது அத்தை காதுக்குப் போக வேண்டாம்.

வகுப்பு ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் சால்ட் லேக்கில் ஈ காக்கை இருக்காது. சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற தூக்கத்துக்கு வங்காளத்தில் தனிப் பெயரே உண்டு: பாத்கும். பாத் என்றால் சோறு, கும் என்றால் தூக்கம். ரோடோ, கேட்கவே வேண்டாம். சால்ட் லேக் முன்னே உப்பேரிச் சதுப்பு. 1962-இல் தொடங்கி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டித் தூர்த்திருக்கிறார்கள். அப்போது முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய். அவர் பெயரால்தான் சால்ட் லேக்குக்குப் பிதான்நகர் என்றும் பெயர். வரைபடம் போட்டவர் யூகோஸ்லாவியாக்காரர், டோஷ்கோவிச். புண்ணியவான், மூலைக்கு மூலை ரவுண்டானா வைத்துவிட்டார். கியர் படிக்கிறவளுக்கு ரவுண்டானாவைப் போல எமன் கிடையாது. வேகம் குறைக்கணும், செகண்ட் போடணும், வளைக்கணும், பக்கத்தில் வருகிற சைக்கிள் ரிக்‌ஷாவையும் பார்க்கணும்.

முதல் நாள் பதினேழு தடவை வண்டி நின்றது. நான் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு குதி, பின்னால் காலி மீன் பெட்டிகள் ஒரு குதி. "ஆஃப் கிளட்ச், ஆஃப் கிளட்ச்" என்று கத்தினேன். பாதி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கு ஊர் தூக்கம் கலைந்து டீ குடிக்க வெளியே வந்தது. மண் குவளையோடு எங்களைச் சுற்றி நின்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். முதலில் கிளட்சா, ஆக்சிலரேட்டரா? இங்குள்ள ஸ்டேடியத்தில் 1997-இல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கால்பந்தில் மோதினதைப் பார்க்க ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்களாம். டிக்கெட் கிடைக்காதவர்கள் எல்லாரும் எங்களிடம் வந்துவிட்டார்களோ என்று தோன்றியது. சண்டை முற்றி, எங்களை மறந்தே போனார்கள். நைஸாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம்.

இரண்டாவது ஞாயிறு நீங்கள் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது: "தூங்குற பிள்ளை பக்கத்துல இருந்து எந்திரிக்கிற மாதிரி காலை எடு, மூதி." அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, விழித்தாள். பிறகு தானே கேட்டாள், "அப்பா பாத்கும்மில் இருக்கும்போது நான் கதவைத் திறந்து வெளியே போவேனே, அந்த மாதிரியா?" அதேதான் என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டாள். கால் பெடலில் மெல்ல எழும்பியது. வண்டி லேசாக நடுங்கியது, நின்றுவிடவில்லை. அந்த நடுக்கத்தில் ஒரு நொடி வைத்திருந்தாள், அப்புறம் விட்டாள். குட்டி யானை சத்தமில்லாமல் நகர்ந்தது. அதற்குப் பிறகு எட்டாம் நம்பர் தண்ணீர் டேங்க் வரை நாங்கள் பேசவே இல்லை.

இன்றைக்கு அவள் அப்பா சாவி கொடுத்தார், தானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மூன்றாவது ரவுண்டானாவில் கியர் இறுகிவிட்டது, வரவும் இல்லை போகவும் இல்லை. பின்னால் ஹாரன். நான் இறங்கிப் பானட்டைத் தூக்கி, நீங்கள் செய்வீர்களே, அதே மாதிரி லிங்கேஜ் ராடைக் கையால் ஆட்டி விடுவித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். மாமா என்றேன். வங்காளத்திலும் மாமா மாமாதான், விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஷெட்டில் அந்தப் பழைய பிஸ்கட் டின்னில் லிங்கேஜ் புஷ் இரண்டு மூன்று கிடக்குமே, அனுப்பி வையுங்கள். அட்ரஸில் தெருப் பெயரைத் தேடாதீர்கள், இங்கே பெரும்பாலும் தெருவுக்குப் பெயர் கிடையாது. பிளாக் எழுத்து, வீட்டு நம்பர், பக்கத்துத் தண்ணீர் டேங்க் எத்தனாம் நம்பர், அவ்வளவு எழுதினால் வந்து சேரும்.

உங்கள் அன்புள்ள மருமகள்