கீழாநெல்லியும் ஊசியும்

கேள்வி: தோட்டத்தில் கீழாநெல்லி மண்டிக் கிடக்க, ஹெப்பாடிட்டிஸ் பி-க்கு இரத்தப் பரிசோதனை எதற்கு? – ஒரு வாசகர், ஜாசின், மலாக்கா

பதில்: 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் தியாகராஜன் முதலியோர், இக்கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' சஞ்சிகையில் கீழாநெல்லிக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கியது வாஸ்தவமே; ஆனால் பின்னர் பிற தேசங்களில் நடந்த பரீட்சைகளில் அது தேறவில்லை. கண் மஞ்சளாகாமலே வருஷக்கணக்கில் ஈரலில் குடியிருந்து, வாடகைக்குப் பதில் ஈரற்சுருக்கத்தையும் புற்றையும் தந்துபோகும் அந்தக் குடித்தனக்காரனை, மோரில் அரைத்த பச்சிலை காலி செய்துவிடும் என்று காத்திருத்தல் விவேகமன்று. இந்நோய்க்குத் தரப்படும் டெனோஃபோவிர் மாத்திரையுங்கூட அவனை அடக்கிவைக்குமேயன்றி வேரறுப்பது அபூர்வம். ஆகவே வருமுன் காக்கும் ஊசியே உத்தமம். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. தாங்கள் அதற்கு முன் பிறந்தவரானால், முதலில் கிளினிக்கில் இரத்தம் கொடுங்கள். மோரைப் பிறகு, கீழாநெல்லி இல்லாமலே, குடிக்கலாம்.