லாண்ட்மாஸ்டருக்கு ஒரு தம்பி

மொன்றியல்
பெப்ரவரி 9

அன்புள்ள அத்தான்,

பெரும்போக வெட்டுத் தொடங்கியாச்சோ? அக்காவின் முழங்கால் நோ எப்படி? இங்கே எல்லோரும் சுகம். என் பெருவிரல் மட்டும் சுகமில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

பனி அள்ளுகிற மிஷின் ஒன்று வாங்கினேன் என்று போனில் பெருமையடித்தேன் அல்லவா? உங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மிஷினை நினைத்துக்கொள்ளுங்கோ. அதே இரண்டு சில்லு, இரண்டு கைபிடி, பின்னாலே இழுபட்டு நடக்கிற அதே மனிசன். கலப்பைக்குப் பதிலாக முன்னுக்கு ஒரு பெட்டி. அதற்குள் சுழலுகிற திருகு பனியை உள்ளே இழுக்கும். பின்னாலே இருக்கிற விசிறி அதைக் குழாயாலே தூர வீசும். வீதிப் பனிக்கு இதைப் பெரிய அளவில் செய்தவர் இந்த ஊர்க்காரர்தான், ஆர்தர் சிக்கார். சூடடிக்கிற மிஷினைப் பார்த்து வந்த யோசனையாம். அவர் செய்த மிஷினை 1927இல் ஊட்றமோன் நகரசபை வாங்கியது. ஆக, இதுவும் வயலுக்குச் சொந்தம்தான்.

இங்கே ஒரு குளிர்காலத்துக்கு 2 மீற்றருக்கு மேலே பனி கொட்டும். அதைப் பொறுக்கலாம். நகரசபை வாகனம் வீதியை வழித்துக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகுமே, அதைத்தான் பொறுக்க ஏலாது. பஞ்சுப் பனி இல்லை அது. உப்பும் ஊத்தையும் சேர்ந்து இறுகின கட்டி. அதுவும் நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்து!

போன செவ்வாய் என் மிஷின் அந்த வரம்புக்கு முன்னாலே நின்றுவிட்டது. எஞ்சின் கத்துகிறது, திருகு சுழலுகிறது, சில்லு அசையவில்லை. றப்பர் கருகின மணம். "உங்களை மாதிரித்தான், சத்தம் மட்டும்" என்றா மனைவி, கதவிடுக்கால்.

பிளக் வயரைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். இரண்டு பெல்ட், ஒன்று திருகுக்கு, மற்றது சில்லுக்கு. சில்லுப் பெல்ட்டின் பக்கங்கள் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கின. புதிது போட்டு, அதை அழுத்துகிற சின்னப் புல்லியை நகர்த்தி இறுக்கினேன். பெருவிரல் போனது அங்கேதான்.

அதோடு விட்டிருக்கலாம். லீவரிலிருந்து கீழே போகிற கேபிளும் தளர்ந்திருந்தது. பெல்ட் நேரே சில்லைச் சுற்றாது, அத்தான். அது ஒரு உலோகத் தட்டைத்தான் சுற்றும். லீவரை அமத்தினால் கேபிள் இழுத்து, றப்பர் விளிம்பு வைத்த சின்னச் சக்கரம் ஒன்றைத் தட்டோடு உரச வைக்கும். விட்டால் விலகும். விலக வேண்டுமென்றால், லீவரை விட்ட நிலையில் கேபிள் கொஞ்சம் தொய்ந்திருக்க வேண்டுமாம். கையேட்டில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறது. நான் இரண்டையும் வாசிக்கவில்லை. கயிறென்றால் இறுக்கு என்று மாட்டுக்கொட்டிலில் நீங்கள்தானே பழக்கினீர்கள்! பூட்டு நட்டைத் தளர்த்தி, வீணைத் தந்தி மாதிரி 'டங்' என்று கேட்கும்வரை திருகினேன்.

வெளியே கொண்டுவந்து ஸ்டார்ட் பண்ணினேன். லீவரைத் தொடவே இல்லை, மிஷின் புறப்பட்டுவிட்டது. வேகமும் இல்லை, நல்ல காலம். கோயில் தேர் மாதிரி ஆடி அசைந்து பக்கத்து வீட்டுப் பெரியவர் காருக்குக் கட்டியிருக்கிற துணிக் கூடாரத்தை நோக்கிப் போகிறது. நான் கைபிடியில் தொங்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு ஐசில் வழுக்கிக்கொண்டு, மாடு மறிக்கிற மாதிரிச் சத்தம் போடுகிறேன். பெரியவர் வெளியே வந்தார். குனிந்தார். சாவியைப் பிடுங்கினார். நின்றுவிட்டது. அந்தச் சாவி என் மூக்குக்கு நேரேதான் இருந்தது.

அவரே ஸ்பானர் எடுத்து, நான் திருகினதில் பாதியைத் திருப்பி விட்டார். லீவரை விட்டதும் கேபிள் லேசாகத் தொய்ந்தது. அன்றைக்கே வரம்பை இரண்டு தரம் உழுதேன்.

கழற்றின பழைய பெல்ட்டை எறியவில்லை, ஆனால் அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். லாண்ட்மாஸ்டர் பெல்ட்டின் அளவை எழுதுங்கோ, அந்த அளவில் புதிதாகவே ஒன்று அனுப்புகிறேன். இங்கே மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லுங்கோ. கூடாரக் கதையைச் சொல்லிப் போடாதேங்கோ.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்