ஈரி ஏரியில் மலை பிடிக்கிறவர்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

பருத்தித்துறையில் கார்த்திகைக் கடல் குமுறினால் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டு வீட்டுக்குள் இருப்பார்கள். ஒன்ராறியோவிலோ அதே மாதம் ஏரி குமுறினால் ஒரு கூட்டம் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. தோளில் முக்காலி, கழுத்தில் கமெரா, நெஞ்சுவரை றப்பர் உடுப்பு. காற்று எச்சரிக்கை வந்தால் இவர்களுக்குக் கோயிலில் கொடியேறிய மாதிரி.

ஈரி ஏரியின் வடகரையில் போர்ட் ஸ்ரான்லி என்றொரு சின்னத் துறைமுகம். 2015 இலையுதிர் காலத்தில் டேவ் சான்ட்ஃபோர்ட் என்பவர் அங்கே எடுத்த அலைப்படங்கள் உலகத்தையே சுற்றிவந்தன. ஐஸ் ஹொக்கி ஆட்டங்களைப் படம்பிடித்துப் பழகிய கை. மனிதர் லண்டன்காரர். அந்த லண்டன் இல்லை மாமா. ஒன்ராறியோவிலும் ஒரு லண்டன் உண்டு, ஊருக்குள் தேம்ஸ் என்று ஓர் ஆறும் ஓடுகிறது. அவருடைய படங்களில் கரும்பச்சை மலைகள் நிற்கின்றன, உச்சியில் பனிபோல நுரை.

ஏரியில் மலை எப்படி எழும் என்று கேட்பீர்கள். வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் ஆழம் குறைந்தது ஈரிதான். சராசரி 19 மீற்றர். நீளமோ 390 கிலோமீற்றருக்குக் கிட்ட. தென்மேற்கிலிருந்து, அதாவது நம்மூர்ச் சோளகம் வரும் திசையிலிருந்து, புறப்படும் காற்று அந்த நீளம் முழுக்கத் தடையில்லாமல் ஓடிவரும். நவம்பரில் காற்று குளிர்ந்துவிடும், தண்ணீரில் மட்டும் கோடைச் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூடு மேலே கிளம்ப, உயரத்தில் வீசும் வேகக் காற்று கீழே இறங்கிவிடும். ஆழமில்லாத இடத்தில் அலைகள் செங்குத்தாகி, நெருக்கியடித்துக்கொண்டு வரும். துறைமுகச் சுவரில் மோதித் திரும்புகிற அலை, பின்னால் வருவதோடு முட்டுப்படும். இரண்டுக்கும் போக வேறு இடமில்லை, ஆகாயத்தைத் தவிர.

அப்படி எழும் அலை நிற்பது கண்சிமிட்டும் நேரம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்திலாவது கமெரா மூடித் திறந்தால்தான் ‘மலை’ அகப்படும்.

ஆனால் அந்த மலையில் பாதிதான் தண்ணீர், மீதி லென்ஸ். தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸைத் தாழப் பிடித்து, பக்கத்தில் ஆளோ மரமோ விழாமல் எடுத்தால் அலைக்கு அளவே தெரியாது. நடுவில் ஒரு கடற்காகம் பறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இதற்காக ஏரியை லேசாக எண்ணிவிட வேண்டாம். இதே காற்று தண்ணீரை ஒரு முனைக்குத் தள்ளும்போது கிழக்கே பஃபலோவில் மட்டம் ஏறும், மேற்கே ரொலீடோவில் இறங்கும். வித்தியாசம் 2 மீற்றரையும் தாண்டும். 1844 ஒக்ரோபரில் இப்படி ஏறிய தண்ணீர் பஃபலோ நகருக்குள் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அதை அறிந்தும் அலைதடுப்புச் சுவரின் நுனிவரை போய் நிற்கிற சூரர்கள் உண்டு. பெரும்பாலும் கைப்பேசிக்காரர்கள்.

உப்பில்லாத தண்ணீர் என்பதால் கமெரா எளிதில் துருப்பிடிக்காது என்பது ஒரு நன்மை. மீனும் இங்கே உப்புச்சப்பில்லாததுதான், மாமா. போர்ட் ஸ்ரான்லியில் மஞ்சள் பேர்ச் மீனை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள், பெயர்போன சாப்பாடு. நீங்கள் ஒரு வாய் வைத்ததும் மிளகாய்த்தூள் கேட்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்