இருட்டு இலவசம்

மாத்தளையில் இருந்துகொண்டு கடையில் போய்ப் புரொஜெக்டர் வாங்குவதா? கைவினைக்கு அவமானம்! பழைய கணினி மொனிட்டரைப் பிரித்து, பின்வெளிச்சத்தைக் கழற்றி எறியுங்கள். மிஞ்சும் தகட்டுக்குப் பின்னால் 400 வாட் மெட்டல் ஹேலைட் விளக்கு, இரு பக்கமும் பிரெனல் வில்லை, முன்னால் ஒரு குவிவில்லை. தியேட்டர் தயார்.

விளக்கின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தகட்டைத் தாண்டாது. மிச்சமெல்லாம் சூடு. ரத்தோட்டைக் குளிருக்கு அதுவும் நல்லதுதான். சூட்டைத் தணிக்க இரண்டு விசிறி. அந்த இரைச்சலில் வசனம் கேட்காது. இந்தக் காலப் படங்களுக்கு அது நட்டமில்லை. படம் தலைகீழாக விழும். மொனிட்டரைக் கவிழ்த்து வையுங்கள். இந்த நாட்டில் எதைத்தான் நேராக வைத்துப் பார்க்கிறோம்?

இனி வேண்டியது கும்மிருட்டு மட்டுமே. அதையும் நாடே தந்தது. 2022 மார்ச் 31இல் 13 மணித்தியால மின்வெட்டு, ஒரு சதம் செலவில்லாமல்! அயலட்டையெல்லாம் பாயோடு வந்து குந்தியது. வெள்ளையடித்த சுவர், முதல்தர இருட்டு. பிறகுதான் தெரிந்தது, விளக்குக்கும் கரண்ட் வேண்டுமாம்.

அந்தப் புரொஜெக்டர் பெட்டியில் இப்போது கோழி அடைகாக்கிறது. 21 நாளில் ரிலீஸ்.